பால் வடிஞ்சா நல்ல செடியா?

"ஆமைக்குத் தெரியாதாங்க, எதைத் திங்கணும் எதைத் திங்கக்கூடாதுன்னு?"

ஆமை வளர்க்கிறவங்க நாலு பேர் கூடுற இடத்துல இந்த டயலாக்கை எடுத்துவிட ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். நான் இருக்கிறது இங்கிலாந்துல. வீட்டுல இருக்கிற சுப்பு, ஹெர்மன் வகை ஆமை. அந்த வகையோட பூர்வீகம் ஸ்பெயின்ல இருந்து பால்கன் நாடுகள் வரைக்கும் உள்ள மத்தியத்தரைக்கடல் பக்கம். அங்கே அது பாட்டுக்கு நடந்துகிட்டே இருக்கும், இங்க ஒரு கடி, அங்க ஒரு கடி. எட்டடிக்கு நாலடி பலகைக்குள்ள பசியோட நிக்கிற ஆமை முன்னாடி ஒரே செடியை ஒரு கூடை கொட்டிட்டு "அதுக்குத் தெரியும்"னா எப்படி? தெரிஞ்சிருக்க வேண்டியது அதுக்கா, நமக்கா?

இன்னொரு கோஷ்டி இருக்கு. களைன்னாலே பயம். அதனால ஐஸ்பெர்க் லெட்யூஸ், வெள்ளரிக்காய், தக்காளி. அதுல பெரும்பகுதி தண்ணிதான். நம்ம ஊர்க்காரங்களா இருந்தா பசலைக்கீரை, "கீரை நல்லதுதானே!" அதுல இருக்கிற ஆக்ஸாலேட் கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஓடு வளர வேண்டிய பிராணிக்கு அதையா தினமும் போடுறது? நார்ச்சத்தும் கால்சியமும் உள்ள களை கொல்லைப்புறத்துல சும்மாவே மொளைச்சுக் கிடக்கு. பதினெட்டாம் நூற்றாண்டுல செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட் ஆமையைப் பார்த்துப் பார்த்து எழுதி வெச்சதுலயே டேன்டிலயனும் சோதிஸிலும் அதுக்குப் பிடிக்கும்னு இருக்கு. (அவர் வளர்த்த ஆமைக்குப் பேர் திமோத்தி. ஆம்பளைப் பேரு. பின்னாடி பார்த்தா அது பொம்பளை ஆமை. அது வேற கதை.)

ஆனா என்னோட உண்மையான சண்டை மூணாவது கோஷ்டியோட. பட்டியல் கோஷ்டி. "ஆமை சாப்பிடக்கூடிய 100 களைகள்"னு வாட்ஸப்புல சுத்துதே, அது. தமிழ்ல வந்த ஒண்ணுல 'பிளான்டெயின்'ங்கிறதை வாழைன்னு போட்டிருந்தாங்க! ஐயா, புல்தரையில நீள இலையோட மொளைக்கிற களைக்கும் இங்கிலீஷ்ல அதே பேர்தான். அந்த இலையைக் குறுக்கே மெதுவாப் பிய்ச்சா உள்ளேயிருந்து நூல் நூலாத் தொங்கும். இதை ஒரு தடவை செஞ்சு பார்த்தவனுக்குப் பட்டியலே வேணாம்.

இந்தப் பட்டியல்கள்ல வர்ற அபாரமான கண்டுபிடிப்பு ஒண்ணு: "தண்டை ஒடிச்சா பால் வந்தா நல்ல செடி." எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் தெரிஞ்ச நாம இதை நம்பலாமா?

இதுல பாதி உண்மை இருக்கு, அதான் ஆபத்தே. சோதிஸில் நல்ல தீனி. அதே பாத்தியில, கிட்டத்தட்ட அதே உயரத்துல, அதே மாதிரி வெட்டு வெட்டான இலையோட கிரவுண்ட்செல் வளரும். அது ஆமைக்கு ஆகாது, கல்லீரலைக் கெடுக்கிற ஆல்கலாய்டு இருக்கு. ஒடிச்சுப் பார்த்தா சோதிஸில்ல வெள்ளைப் பால் வரும், கிரவுண்ட்செல்ல வராது. சரி, பால் சோதனை ஜெயிச்சிருச்சா? ரெண்டடி தள்ளி பெட்டி ஸ்பர்ஜ்னு ஒண்ணு நிக்கும் (நம்ம பெட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை). அதுலயும் வெள்ளைப் பால்! நம்ம கள்ளியும் அம்மான் பச்சரிசியும் இதுக்குச் சொந்தக்காரங்க. இதோட பால் தோல்ல பட்டாலே எரியும்.

ஆக ஒரு அடையாளம் போதாது. பாலையும் பாரு, இலையையும் பாரு. சோதிஸில் இலையோட அடி தண்டைக் கட்டிப் பிடிச்சிருக்கும், ஓரத்துல பல் இருக்கும், தண்டு உள்ளே குழாய். ஸ்பர்ஜ் இலை சின்னதா, முட்டை வடிவமா, பல்லே இல்லாம இருக்கும், பூவும் பச்சை. கிரவுண்ட்செல் பூ சரியா விரியாத மஞ்சக் குஞ்சம், அதைச் சுத்தியிருக்கிற பச்சைச் செதில் நுனியில மை தொட்டு வெச்ச மாதிரி கறுப்பு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அஞ்சு நிமிஷம் பார்த்தா ஆயுசுக்கும் மறக்காது. இந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் நம்ம மக்களுக்கு நேரமில்லை, போனைத் தூக்கிக் காட்டுறாங்க.

போன் ஆப் ஒரு பேர் சொல்லும், அது கீழேயே இன்னும் ரெண்டு பேரும் சொல்லும். நம்ம ஆள் முதல் பேரோட நிறுத்திக்குவார். பட்டியல்ல இருக்கிற போட்டோவோ எப்பவும் பூத்துக் குலுங்கும். நாம பறிக்கிறது ஏப்ரல்ல, பூ வராத குருத்து. ஃபாக்ஸ்குளோவ் முதல் வருஷம் பூக்கவே பூக்காது, வெறும் இலைக்கொத்துதான். அந்த இலையில இருக்கிறது இதயத்தைத் தாக்குற சரக்கு.

"என் ஆமை ராக்வொர்ட் தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே"ன்னு வர்றவங்களுக்கு: அதுலயும் கிரவுண்ட்செல்ல இருக்கிற அதே வகை விஷம்தான். இன்னிக்குத் தின்னா நாளைக்கே விழாது. கொஞ்சம் கொஞ்சமாக் கல்லீரல் போகும். குதிரைகளைக் காப்பாத்த 2003ல இங்கே அந்தச் செடிக்குத் தனிச்சட்டமே கொண்டு வந்தாங்க. ஒண்ணும் ஆகலைங்கிறது சாட்சி இல்லீங்க, வாய்தா.

நூறு வேணாம். டேன்டிலயன், சோதிஸில், பிளான்டெயின்னு ஆரம்பிச்சு ஒரு எட்டுச் செடியைக் குருத்துல, பூவுல, காய்ல எல்லாம் தொட்டுப் பழகிக்கோங்க. தெரியாததை விட்டுடுங்க. டேன்டிலயனைப் பொறுத்தவரை, அதே ஜாடையில மயிர் உள்ள இலையோட வர்ற கேட்ஸ்இயரைத் தப்பாப் பறிச்சாலும் ஒண்ணுமில்லை, அதுவும் தீனிதான். ஆரம்பிக்க அதைவிட நல்ல செடி கிடையாது. களைக்கொல்லி அடிச்ச புல்வெளியும், நாய் கால் தூக்குற ரோட்டோரமும் வேண்டாம்.

டிஸ்கி: "எங்க வீட்டு நட்சத்திர ஆமைக்கு என்ன களை போடலாம்?"னு சென்னையில இருந்தும் மதுரையில இருந்தும் கேட்கிற நண்பர்களுக்கு நான் பதில் சொல்றதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுல வெச்சிருக்கிறதே குற்றம். 2019ல சர்வதேச வியாபாரத்துக்கும் உச்சபட்சத் தடை வந்தாச்சு. கூப்பிட வேண்டியது வனத்துறையை, என்னை இல்லை.