தன்மையும் படர்க்கையும்: ஒரு பணிப்பெண்ணின் தன்வரலாறு

இந்திய மத்திய அரசு 2024 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு சத்தியக்கடதாசியைச் சமர்ப்பித்தது. வயது வந்த மனைவியைக் கணவன் வலிந்து கூடுதல் பாலியல் வல்லுறவுக் குற்றமாகாது என்னும் சட்டவிலக்கு நீடித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்விலக்கை நீக்கினால் திருமணம் என்னும் அமைப்பே குலைவுறக்கூடும் என்றும், மனைவியரைக் காப்பதற்கு வேறு சட்டங்கள் உள என்றும் நியாயம் கூறப்பட்டது. சட்டங்கள் உள என்பது மெய்யே. அவை வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே செல்கின்றனவா என்பதே வினா. இதற்கு விடை தேடுவோர் சட்ட நூல்களோடு பேபி ஹால்தார் வங்காளியில் எழுதிய ‘ஆலோ ஆந்தாரி’ என்னும் தன்வரலாற்றையும் படித்தல் நன்று. ஒளியும் இருளும் என்பது அப்பெயரின் பொருள்.

பேபி ஹால்தார் 1973 ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். அவர் சிறு குழந்தையாயிருக்கையில், தாயார் அவர் கையிற் பத்துப் பைசா நாணயம் ஒன்றை வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறினார். தந்தையின் கடுமையிலும் மாற்றாந்தாயின் ஆட்சியிலும் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. 12 வயதில், தம்மினும் 14 வயது மூத்த ஒருவனுக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே தாயானார்.

ஈண்டு ஆண்டுக் கணக்கைச் சற்று நோக்குக. பெண்ணின் மணவயது 18 என இந்தியச் சட்டம் 1978 இலேயே திருத்தப்பட்டுவிட்டது. கணவன் செய்யும் கொடுமையைத் தண்டிக்கும் 498அ என்னும் பிரிவு 1983 இல் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்க்கப்பட்டது. பேபியின் திருமணம் இவ்விரண்டுக்கும் பிந்தியது. ஏட்டிலே சட்டம் இருந்தது. வீட்டிலே அடி இருந்தது. வேற்று ஆடவன் ஒருவனோடு பேசினார் என்பதற்காகக் கணவன் கல்லால் அவர் தலையைப் பிளந்தான். ‘கல்லானாலும் கணவன்’ என்று நம்மவர் சொல்லும் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்பகுதி நினைவுக்கு வருகின்றது. அவருடைய சகோதரியோ கணவன் கையாற் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார்.

1999 இல், ஏறத்தாழ 25 வயதில், பேபி தம் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு டில்லிக்குப் புகையிரதம் ஏறினார். தாயும் வெளியேறினார், மகளும் வெளியேறினார். ஆனால் பத்துப் பைசாவோடு விடப்பட்ட அக்குழந்தை, தான் வெளியேறும்போது ஒரு பிள்ளையையும் விட்டுச் செல்லவில்லை. தாயைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. போக்கிடம் அற்ற பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க இயலும் என்பதை அடியறியாதார் தீர்மானித்தல் முறையன்று.

பின்னர் டில்லியை அடுத்த குர்காவில், ஓய்வுபெற்ற மானிடவியற் பேராசிரியர் பிரபோத் குமார் என்பாரின் இல்லத்திற் பணிப்பெண்ணானார். பிரபோத் குமார் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரர். புத்தக அலுமாரியைத் தூசு தட்டும்போது பேபி நூல்களைப் புரட்டிப் பார்த்து நிற்பதைக் கண்ட அவர், முதலில் தஸ்லிமா நஸ்ரினின் பிள்ளைப்பருவ நினைவு நூலை வாசிக்கக் கொடுத்தார். பின்னர் ஒரு கொப்பியும் பேனாவும் வாங்கிக் கொடுத்து எழுதுமாறு பணித்தார். அவரே இந்தியில் ஆக்கிய பெயர்ப்பு 2002 இல் வெளிவந்தது. ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கிலப் பெயர்ப்பு 2006 இல் வந்தது. பத்திரிகைகள் இக்கதையைப் பெரியவரின் பெருந்தன்மையாகவே பெரிதும் பாடின. பெருந்தன்மையை யான் மறுக்கவில்லை. ஆயினும் பேபி புகையிரதம் ஏறியபோது அவரை அறியார். பேனா வந்தது பின்னர்; கால் எடுத்து வைத்தது முன்னர்.

நம் இலக்கிய வட்டத்தார் சிலர் இத்தகைய நூலைச் சமூகவியற் சான்று என்று கூறி ஒதுக்குவதுண்டு. அவர்கள் ஒரு நுட்பத்தைக் காணத் தவறுகின்றனர். ‘நான்’ என்று தன்மையிற் கதை சொல்லிவரும் இவர், சில இடங்களில், குறிப்பாகத் தம் குறுகிய பிள்ளைப் பருவத்தை எண்ணும்போது, தம்மைப் ‘பேபி’ என்று படர்க்கையில் வைத்துப் பேசுகின்றார். தன்மையிற் சொல்லவேண்டியதைப் படர்க்கையிற் சொல்லுதல் வழு. தக்க காரணம் உளதாயின் இடவழுவமைதி என ஏற்பர் இலக்கணகாரர். ‘அப்பா சொல்வதைக் கேள்’ என்று தந்தை தன்னையே படர்க்கையிற் சுட்டுவதை மாணவர் அறிவர். பேபியின் காரணம் யாது? அச்சிறுமிக்கு இரங்குவதற்கு அவளுக்கு வெளியே ஒருவர் வேண்டியிருந்தது. வேறெவரும் முன்வராமையால் எழுதுபவரே வெளியே வந்து நின்று அவளைப் பார்க்கின்றார். இலக்கணம் பயிலாத ஒருவர் கையில் இவ்வமைதி தானே வந்து வாய்த்தது. இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் வகுப்பிற் கூறியதில்லை.

தமிழாசிரியனாதலின் எனக்கு மற்றொன்றும் தோன்றுகின்றது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. அன்புடையார் இருவரின் மறைவான இன்பத்துக்கு அம்மரபு அழகு செய்தது. அகம் என்பதற்கு வீடு என்றும் பொருளுண்டு. அன்பு போய் அடி குடிபுகுந்த வீட்டுக்கும் அதே மூடாக்கை இட்டு, ‘குடும்ப விஷயம்’ என்கின்றோம். அங்கே பெயர் சுட்டாமை யாருக்குக் காவல்?

2019–21 இல் நடந்த இந்தியாவின் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, இம்மூடாக்கின் கனத்தை எண்களிற் காட்டுகின்றது. மணமான பெண்களுள் நூற்றுக்கு 29 பேரளவில் கணவனின் வன்முறைக்கு உட்பட்டோர். வன்முறைக்கு உள்ளான பெண்களுள் உதவி நாடினோர் 14 வீதத்தினர். உதவியும் நாடாது, ஒருவரிடமும் வாய்திறந்து சொல்லாது இருந்தோர் 77 வீதத்தினர். சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள், மாமன் மாமியை மதிக்கவில்லை என்பன போன்ற ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றுள் ஒன்றுக்கேனும் கணவன் அடிக்கலாமா என்று கேட்டபோது, அடிக்கலாம் என்றோர் பெண்களில் ஏறத்தாழ 45 வீதம், ஆண்களில் 44. பெண்களின் எண் ஒன்று கூடியிருத்தல் கண்டு நகைப்பாரும் உளர். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர் வேறெவ்விதம் விடை கூறுவர்?

வீட்டு வன்முறையினின்று பெண்களைக் காக்கும் 2005 ஆம் ஆண்டின் சட்டம் 2006 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2024 யூலை முதல் புதிய தண்டனைச் சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. பழைய 498அ அதில் 85 ஆம் பிரிவாயிற்று. மேற்குறித்த விலக்கும் கூடவே குடிபெயர்ந்து புதிய சட்டத்தில் அமர்ந்துகொண்டது. சத்தியக்கடதாசி சுட்டும் ‘வேறு சட்டங்கள்’ இவையே. இவை யாவும் முறையிடுவாளை எதிர்பார்த்து நிற்பன. முறையிடுதற்கு முதலில் அவள் தனக்கு நிகழ்ந்ததைத் தவறு என்று தனக்கே சொல்லிக்கொள்ளல் வேண்டும். அந்த 77 வீதத்தினர் இன்னும் எட்டாத இடம் அது. பேபி அவ்விடத்தை எட்டியது ஒரு கொப்பியில், பாத்திரம் கழுவி முடித்த இரவுகளில்.

நூல் பல மொழிகளிற் பெயர்ந்து புகழ் பெற்ற பின்னரும் அவர் அதே இல்லத்திற் பணிசெய்துகொண்டு எழுதிவந்தார். பின்னர் எழுதிய நூலொன்றுக்கு ‘ஈஷத் ரூபாந்தர்’ என்று பெயரிட்டார். சிறிதளவு மாற்றம் என்பது அதன் பொருள்.