பால் பல் சொத்தையானா விட்டுடலாமா? அங்கன்வாடியில் என்ன செய்யலாம்?

"விழுந்து முளைக்கிற பல்தானே!" குழந்தையின் பல் சொத்தையானால் பல வீடுகளில் வரும் பதில் இது. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் விழ 10 முதல் 12 வயது ஆகிடும். 3 வயதில் சொத்தை வந்தால், மீதி வருஷமெல்லாம் அந்தப் பல்லோடுதான் சாப்பிடணும், தூங்கணும்.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டப்படி, மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வருஷத்துக்கு 2 முறை வரணும். பரிசோதனைப் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கு. சரி, மற்ற நாட்களில்?

அங்கதான் சிக்கல். நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் கேரட் அறுவடைக்கு இருட்டோடு கிளம்பும் பெற்றோர், பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டுப் போவது எப்படி? மதிய உணவு முடிந்ததும் அங்கன்வாடியிலேயே தேய்க்க வைக்கலாம். ஸ்காட்லாந்தின் 'சைல்ட்ஸ்மைல்' திட்டத்தில் நர்சரிகளில் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். சொத்தை குறைந்தது, சிகிச்சைச் செலவும் மிச்சமானது.

பெரிய செலவும் இல்லை. ஆளுக்கொரு பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட். 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். தேய்த்ததும் துப்பினால் சரி, கொப்பளிக்க வேண்டாம்.

ராத்திரி வேலை மட்டும் வீட்டோடது: சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீங்க.