மறந்துவிடும் வசதி யாருக்கு?

'கிரேஸ் அனாடமி' தொடரின் 17ஆவது சீசன் (2020–21) கொரோனா வார்டுக்குள் நுழைந்தபோது ரசிகர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். செய்தியில் பார்ப்பதையே சீரியலிலும் பார்க்க வேண்டுமா என்றார்கள். அந்த அலுப்பு புரிகிறது, தோழர்களே.

ஆனால் அந்த சீசனில்தான் கறுப்பின மருத்துவர் மிராண்டா பெய்லி தன் தாயைக் கொரோனாவுக்குப் பறிகொடுக்கிறார். அறுவைசிகிச்சைப் பிரிவுக்கே தலைவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அமெரிக்காவில் கொரோனா வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களை அதிக விகிதத்தில் கொன்றது. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, நெருக்கமான வீடு, எட்டாத மருத்துவம் எல்லாம் அதற்குக் காரணம்.

கதை தொய்கிறது, வசனம் பிரசங்கமாகிறது என்றால் தாராளமாகத் திட்டுங்கள். 'அரசியல் வேண்டாம், பொழுதுபோக்கு போதும்' என்பவரிடம் மட்டும் கேளுங்கள்: டிவியை அணைத்தால் பெய்லிகளின் வீட்டுச் சாவு நின்றுவிடுமா?