மறதிக்குக் குணமா காரணம்?

முதியவர் ஒருவர் 80 வயதிலும் தெளிவாகப் பேசினால், "சின்ன வயதிலிருந்தே ஒழுங்கானவர்; அதனால்தான் மூளை இன்னும் தெளிவாக இருக்கிறது" என்கிறோம். இன்னொருவர் பேரனின் பெயரையே மறந்துவிட்டால், "எதிலும் அக்கறை இல்லாத ஆள், வேறு எப்படி இருக்கும்?" என்று சொல்பவர்களும் உண்டு. இப்படிப் புகழையும் பழியையும் குணத்தின்மேல் ஏற்றுவது சரிதானா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

வயது ஏறும்போது மூளையின் எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. புதிய செய்திகளை விரைந்து கையாளும் திறன் நடுவயதிற்குள்ளாகவே மெல்லக் குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் உலக அறிவும் 60 வயதுக்குப் பின்னும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. இது இயற்கை. அல்சைமர் நோயால் வரும் மறதி இதனின்று வேறானது. அது நரம்பணுக்களையே அழிக்கும் நோய்.

மனிதரின் இயல்பை உளவியலார் ஐந்து பெருங்கூறுகளாகப் பிரிக்கின்றனர். அவை பொறுப்புணர்வு, புதியன அறியும் ஆர்வம், கலகலப்பு, இணங்கிப் போகும் தன்மை, எளிதில் மனங்கலங்கும் தன்மை என்பன. வினாத்தாள் கொடுத்து இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுகின்றனர். முதுமை பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது பொறுப்புணர்வு. எடுத்த வேலையை ஒழுங்காகத் திட்டமிட்டு முடிக்கும் இயல்பையே இப்பெயரால் குறிக்கின்றனர்.

அமெரிக்காவில், சிகாகோ நகரின் ரஷ் மருத்துவ மையத்தினர் முதிய கத்தோலிக்கத் துறவியரை ஆண்டுதோறும் சோதித்துப் பதிவு செய்யும் பணியை 1994-ல் தொடங்கினர். 2007-ல் வெளியான அவர்களது கட்டுரை 997 பேரைப் பற்றியது. தொடக்கத்தில் அவர்களில் எவருக்கும் மறதிநோய் இல்லை. 12 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததில் 176 பேருக்கு அல்சைமர் நோய் வந்தது. பொறுப்புணர்வு மதிப்பெண்படி 100 பேரைக் கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். 90-ஆம் இடத்தில் நிற்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு, 10-ஆம் இடத்தில் நிற்பவரைவிட 89 விழுக்காடு குறைவு என்று கண்டனர்.

பார்த்தீர்களா, குணந்தான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். அத்துறவியர் தாம் இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள இசைவு தந்திருந்தனர். அம்மூளைகளைச் சோதித்தபோது, அல்சைமர் நோயின் அடையாளங்களான புரதப் படிவுகளும் முடிச்சுகளும் பொறுப்புணர்வு மிக்கவர்களிடம் குறைவாக இருக்கவில்லை. ஆகவே அவ்வியல்பு நோயை மூளைக்குள் வராமல் தடுத்தது என்று கூற இயலாது. நோய் இருந்தும் அதைத் தாங்கிக்கொண்டு செயற்பட ஏதோ ஒரு வகையில் அது துணை செய்திருக்கலாம்.

இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? இங்கே ஸ்காட்லாந்து நமக்கொரு நல்ல பாடம் தருகிறது. 1936-ல் பிறந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்நாடு முழுவதும் 1947 ஜூன் 4 அன்று ஒரே நுண்ணறிவுத் தேர்வு நடந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், எடின்பரோ பல்கலைக்கழகத்தார் அவர்களில் 1,091 பேரைத் தேடிப் பிடித்தனர். 70 வயதை எட்டியிருந்த அவர்களுக்கு அதே தேர்வை மீண்டும் வைத்தனர். காப்பி மிகுதியாகக் குடிப்பவர்கள் அறிதிறன் சோதனைகள் சிலவற்றில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். உடனே காப்பி மூளைக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? 11 வயதில் அவர்கள் பெற்றிருந்த மதிப்பெண்ணையும் குடும்பத் தொழில் நிலையையும் கணக்கில் சேர்த்ததும், அத்தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. முன்பே வேறுபட்டிருந்த மனிதர்கள் பின்னர் வேறுபட்ட பழக்கங்களைக் கொண்டனர், அவ்வளவுதான்.

குணத்தைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். நோய் வெளியே தெரியுமுன்பே குணத்தை மாற்றியிருக்குமோ என்று ஐயுற்றவர்கள் உண்டு. பால்டிமோர் நகரில் முதியவர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. நோய் வெளிப்படுமுன் அத்தகைய தனிப்பட்ட குணமாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஓர் ஐயம் இவ்வாறு பெரிதும் நீங்கியது. எனினும் குணம் எவ்வழியாக மூளைக்குத் துணை செய்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆகவே என் கருத்து இது: குணத்திற்கும் முதுமை மறதிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஏற்போம். ஆனால் அதை எடுத்து ஒரு தனி மனிதர்மீது தீர்ப்பு எழுதக் கூடாது. 997 பேரின் கணக்கு ஒரு கூட்டத்தின் கணக்கு. பொறுப்புணர்வு மிக்கவர்களிலும் நோயுற்றவர் உண்டு. குறைந்தவர்களிலும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, மறதிநோய்க்கு இடந்தரும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் தொகுத்தது. குறைந்த பள்ளிப்படிப்பு, காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை, காற்று மாசு ஆகியவை அவற்றுள் சில. இவற்றை முற்றிலும் நீக்க முடிந்தால், உலகில் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. புகைப்பழக்கம் ஒருவர் கையில் இருக்கலாம். ஆனால் வறுமையால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பாட்டியிடம், "உன் மறதிக்கு உன் குணந்தான் காரணம்" என்று சொல்வது நியாயமா? பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தூய காற்றும் சமூகம் தரவேண்டியவை. எல்லாவற்றையும் குணத்தின் தலையில் கட்டினால், நாம் செய்யவேண்டியதை மறந்துவிடுவோம்.

குணமும் கல்லில் செதுக்கியதன்று. 92 தொகுதி மனிதர்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வுகளை 2006-ல் சேர்த்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு இளமைக்குப் பின்னரும் சராசரியாக வளர்ந்துகொண்டே செல்வது தெரிந்தது. ஆதலால் இன்று வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடும் மாணவர் எவரும் தம் முதுமையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டில் மறதியுள்ள முதியவர் இருந்தால், அவர் குணத்தை ஆராய்வதை விடுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரத்த அழுத்த மாத்திரையை வேளைக்கு உண்கிறாரா, பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா என்று பாருங்கள். மறதி கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள். இவை உங்களாலும் செய்யக்கூடியவை.