சீட்டு வேறு, சூது வேறு

2018 செப்டம்பர் 1 அன்று, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. ஆடியவர்கள் பிரணாப் பர்தன், வயது 60. சிப்நாத் சர்க்கார், வயது 56. ஒருவர் வணிகர், மற்றவர் ஆசிரியர். இருவரும் ஆட்டத்தால் பிழைப்பவர்கள் அல்லர். அவர்கள் பெற்றது 384 புள்ளி, அடுத்து வந்த சீன இணை பெற்றது 378. அந்த வெற்றிச் செய்தியோடு 'இது சூதாட்டம் அல்ல' என்ற தன்னிலை விளக்கமும் சேர்ந்தே அச்சாயிற்று. மல்யுத்தத்தில் பதக்கம் வென்றவரிடம் 'இது அடிதடி அல்லவே?' என்று எவரும் கேட்பதில்லை. சீட்டைத் தொட்டவன் மட்டும் தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டும் நிரபராதி என்று வாதாட வேண்டியிருக்கிறது.

இந்த இழிவுக்கு நம் மொழியும் உடந்தை. 'சீட்டாடுகிறவன்' என்பது தமிழில் தொழிற்பெயரன்று, வசை. எங்கள் திருத்தணியில் தெலுங்கு பேசுவோர் 'பேக்காட்ட' என்பார்கள். எல்லை தாண்டினாலும் வசை மாறுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அரசியல் கட்டுரை எழுதுகிறவர்கள் பத்திக்கு ஒரு 'துருப்புச் சீட்டு' இல்லாமல் எழுதுவதில்லை. ஆட்டத்தின் சொல் வேண்டும், ஆட்டம் வேண்டாம்! யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். அவர்களுடைய '304' ஆட்டத்தில் கேள்வி உண்டு, துரும்பு உண்டு, எதிரே அமர்ந்த கூட்டாளி உண்டு. பிரிட்ஜுக்குப் பங்காளி முறை.

'சீட்டு விழுவது அதிர்ஷ்டம்தானே?' என்று கேட்பவர்கள் சர்வதேசப் போட்டி எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்க்கலாம். ஒரு மேசையில் நால்வருக்குப் பதின்மூன்று பதின்மூன்றாகப் பிரிக்கப்பட்ட அதே 52 சீட்டுகள், அதே வரிசையில் மற்ற மேசைகளுக்கும் போகின்றன. எனக்கு வந்த மோசமான கை, அடுத்த மேசையில் என் இடத்தில் அமர்ந்திருப்பவருக்கும் வரும். அவர் அதை வைத்து என்ன செய்தார், நான் என்ன செய்தேன் என்பதற்கே புள்ளி. மேசைக்குக் குறுக்கே திரை. கூட்டாளியின் முகம் தெரியாது. கேள்வியை வாயால் சொல்லக் கூடாது, அச்சிட்ட அட்டையால் காட்ட வேண்டும். குரலின் ஏற்ற இறக்கம்கூடக் குறிப்பாகிவிடலாம் என்ற எச்சரிக்கை. அந்நிய ஊரில், திரைக்கு அப்பால் இருப்பவரை நம்பி மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருப்பதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

எண்ணுதல் என்றதும் நளவெண்பா நினைவுக்கு வராமல் போகாது. சூதில் நாட்டை இழந்த நளன், ஓடும் தேரிலிருந்தே தான்றிக் காய்களை எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் தேர்க்கலையைக் கொடுத்து எண்கலையைப் பெறுகிறான். அதன் பிறகுதான் கலி நீங்குகிறது. கெடுத்தது பந்தயம், மீட்டது கணக்கு. இதை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திவிட்டு, ஓய்வறைக்கு வந்ததும் சீட்டுக்கட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

மறுதரப்பின் நியாயம் எனக்குத் தெரியாததல்ல. இணைய ரம்மியில் பணமிழந்து தமிழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையே அந்த நிறுவனங்கள் கேடயமாகப் பிடித்தன. ஆனால் 'திறமை' பந்தயத்தைப் புனிதமாக்கிவிடாது. சூது அதிகாரத்தில் வள்ளுவர் கவற்றோடும் ஆடுகளத்தோடும் கைத்திறனையும் சேர்த்தே கண்டித்திருக்கிறார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா, தற்செயலா என்று பாராமல் தடை செய்த 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கோட்டைப் பணத்தின் மீது போடுங்கள், காகித அட்டையின் மீது போடாதீர்கள் என்பதே என் வாதம்.

ஆனால் நாம் எங்கே போடுகிறோம்? நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் விளையாட்டு விழாவுக்குப் பட்டியல் தயாரானது. கேரம் சரி, சதுரங்கம் சரி. பிரிட்ஜ் என்றதும், "சீட்டா? கல்லூரிக்குள்ளா?" என்று கூட்டமே பதறியது. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரம் வந்தபோது, நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினோம். சிலேடையாகச் சொன்னால், பிரிட்ஜுக்கு நாம் செய்த ஒரே மரியாதை அதுதான். 2015-இல் உலக பிரிட்ஜ் அணிச் சாம்பியன் போட்டி சென்னையிலேயே நடந்து, போலந்து பெர்முடா கிண்ணத்தைக் கொண்டுபோனது. நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதில் இழப்பு யாருக்கு? ஓடுவதற்கு மைதானமில்லாத, பயிற்சியாளருக்குச் சம்பளம் தர வழியில்லாத சிற்றூர்க் கல்லூரிகளுக்குத்தான். இந்த ஆட்டத்துக்கு வேண்டியது ஒரு மேசையும் ஒரு கட்டுச் சீட்டும். உயரம் வேண்டாம், சப்பாத்து வேண்டாம், இளமைகூடக் கட்டாயமில்லை. ஜகார்த்தா இந்திய அணியில் 79 வயதுப் பெண்மணி ஒருவரும் இடம்பெற்றிருந்தார். பதினெட்டு வயதில் இதைக் கற்கும் எங்கள் ஊர் மாணவிக்கு, பர்தன் தங்கம் வென்ற வயதை எட்ட இன்னும் 42 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 42 ஆண்டுகளை, 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற ஒரு வாக்கியத்துக்காக அவளிடமிருந்து பறிக்கிறோம்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் பிரிட்ஜைச் சேருங்கள். மேசைமேல் ஒரு ரூபாய் தெரிந்தால் அப்போது கட்டைப் பறிமுதல் செய்யுங்கள். முதல் ஆளாக நானே வருகிறேன்.