எட்டு போட்டா போதுமா?

எனக்கு கார் லைசென்ஸ் கிடைச்ச கதையைக் கேட்டா சிரிப்பீங்க. சிரிச்சுட்டு, ரோட்டுல என் வண்டியைப் பாத்தா கொஞ்சம் ஒதுங்கியே போங்க.

அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. பக்கத்து சீட்ல மாஸ்டர். அவர் காலுக்கடியிலயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பின் சீட்ல பிரேக் இன்ஸ்பெக்டர். "எடுப்பா"ன்னார். முதல் கியர், ரெண்டாவது கியர், "சரி, ஓரமா நிறுத்து." அவ்வளவுதான். நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், மத்த வேலையெல்லாம் மாஸ்டரோட கால் பாத்துக்கிச்சு. அன்னைக்குத் தேர்வு எழுதினது அவர், பாஸ் பண்ணினது நான் :-)

தங்கமணி கதை வேற. கல்யாணத்துக்கு முன்னாடியே ஊர்ல அவங்கப்பாவோட டிவிஎஸ் 50-ஐ ஓட்டினவங்க (லைசென்ஸ் இல்லாமத்தான், அதை விடுங்க). என்னைவிட நிதானமா ஓட்டுவாங்க. ஸ்கூல், புரோக்கர் எதுவும் வேண்டாம்னு நேராவே விண்ணப்பிச்சாங்க. எட்டு போடும்போது கடைசி வளைவுல கால் விரல் தரையைத் தொட்டுது. ஃபெயில். 7 நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அதுக்கு அடுத்து ஸ்கூல் மூலமா வந்த ஒரு பையன் ரெண்டு தடவை காலை ஊனினான். "சரி, போ"ன்னு கையெழுத்து விழுந்துது. ரெண்டாவது தடவையும் அவங்களுக்கு அதே கதை. மூணாவது தடவை ஸ்கூல் மூலமா போனாங்க. கால் பட்டுது, பாஸ்!

எட்டு போடறதே தப்புன்னு சொல்ல வரலை. மெதுவா போகும்போது வண்டியைச் சாய விடாம திருப்பறது ஒரு திறமைதான். ஆனா லைசென்ஸ் வாங்கினப்புறம் எந்த ரோட்டுல எட்டு போட்டிருக்கோம், சொல்லுங்க?

சட்டத்துல குறை இருக்குன்னு பாத்தா அதுவும் இல்ல. 1989-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15-வது விதியை எடுத்துப் படிச்சுப் பாருங்க. கண்ணாடியைச் சரிபண்ணணும், டாப் கியர் வரைக்கும் போகணும், மேட்டுல நிறுத்தித் திரும்ப எடுக்கணும், ஓவர்டேக் பண்ணணும், அவசரத்துக்கு நிறுத்தணும், சிக்னலோ போலீஸோ இல்லாத இடத்துல ரோட்டைக் கடக்கறவங்களுக்கு வழிவிடணும்னு வரிசையா போட்டிருக்கு. என்னை ரெண்டாவது கியரோட இறக்கி விட்டுட்டாங்க.

அந்தக் கடைசி விஷயம்தான் இன்னும் உறுத்துது. லைசென்ஸ் வாங்கி மூணாவது வாரம், ராத்திரி ஒம்பதரை, ஜிஎஸ்டி ரோடு, பெருங்களத்தூர் பக்கம். எதிர்ல வந்த பஸ் ஹைபீம்ல கண்ணு கூசிப்போச்சு. வெளிச்சம் விலகினா, பானெட்டுக்கு ஒரு கை தூரத்துல ஒரு பெரியவர் கையில தூக்குவாளியோட நிக்கறார். வண்டி எப்படி நின்னுதுன்னு இன்னைக்கும் தெரியலை. என் திறமையால இல்லைங்கறது மட்டும் நிச்சயம். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசோட அறிக்கை சொல்லுது. விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான்.

சில ஊர்ல சென்சார், கேமரா வெச்ச தேர்வுத் தளம் வந்திருக்கு. நல்லதுதான். மெஷினுக்கு எந்த ஸ்கூல் மாஸ்டரையும் தெரியாது, தங்கமணி மாதிரி ஆளுங்களுக்கு நியாயமாவது கிடைக்கும். ஆனா அந்த மெஷின் அளக்கறதும் காலி மைதானத்துல போடற கோட்டைத்தானே? பிரிட்டன்ல நிஜமான ரோட்டுல 40 நிமிஷம் ஓட்டச் சொல்றாங்க. அதுல கொஞ்ச நேரமாவது, பக்கத்துல இருக்கறவர் திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிக்கொடுக்காம, நாமளே வழி பாத்து ஓட்டணும். இங்க கூட்டம் ஜாஸ்தி, அவ்வளவு நேரம் முடியாதும்பாங்க. சரி, பத்து நிமிஷம்? ஒரு சிக்னல், ஒரு பஸ் ஸ்டாப், ஸ்கூல் விடற நேரத்துல ஒரு தெரு. அதுல தேறாதவன் கையில அட்டையைக் கொடுத்து என்ன பண்ண?

தங்கமணி இப்போ காருக்கு எல்எல்ஆர் வாங்கியிருக்காங்க. இந்தத் தடவையும் நேராத்தான் போவேன்னு பிடிவாதம். 30 நாள் முடிய இன்னும் 12 நாள் இருக்கு. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல் போர்டு ஒட்டிக்கிட்டு அதே ஜிஎஸ்டி ரோட்டுல பழகறோம். பக்கத்து சீட்ல நான். என் காலுக்கடியில பிரேக் இல்ல.