ஏழைப் பெண்ணின் கையெழுத்துக்கு மட்டும் 30 நாள்

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிகெய்டு என்று பெயர். அதில் இருக்கும் பெண் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள விரும்பினால் தனியாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆபரேஷன் வேண்டாமென்று எப்போது சொன்னாலும் அரசு உதவி எதுவும் நின்றுபோகாது என்று அதன் உச்சியிலேயே அச்சடித்திருப்பார்கள். கையெழுத்தாகி 30 நாள் கழிந்த பிறகே ஆபரேஷன். 180 நாள் தாண்டினால் படிவம் செல்லாது. பிரசவ வலியில் துடிக்கும்போது வாங்கிய கையெழுத்தும் செல்லாது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் நர்சிங் படித்து, இப்போது ஜார்ஜியா மாநிலத்தில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். படிவத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு “ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?” என்று கேட்பார்கள், மாமியாரும் தலையாட்டிவிட்டால் காரியம் முடிந்தது. இங்கே என்னடாவென்றால் நாள்காட்டியைப் பார்க்கிறார்கள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு கறுப்பினப் பெண், நான்காவது பிரசவம். கோழி பதப்படுத்தும் ஆலையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. குழந்தை சுகமாகப் பிறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “என் ஆபரேஷன் எத்தனை மணிக்கு?” கோப்பைப் புரட்டினேன். கையெழுத்து இருந்தது, சாட்சி இருந்தது, தேதிதான் உதைத்தது. 30 நாளுக்கு எட்டு நாள் குறைவு. குறைப்பிரசவமோ அவசர வயிற்று அறுவையோ என்றால் 72 மணி நேரம் போதும் என்று விதிவிலக்கு உண்டு. நிறைமாதத்தில் சுகப்பிரசவமான இவருக்கு அதுவும் பொருந்தாது. அன்றைக்கே அடுத்த அறையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ். காலையில் டாக்டரிடம் சொன்னார், சாதாரண ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார், மதியம் ஆபரேஷன் முடிந்தது. தனியார் காப்பீட்டுக்கு அந்த மத்திய அரசுப் படிவமும் கிடையாது, 30 நாளும் கிடையாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதைத் திட்ட வாய் வராது. 1973 ஜனவரி 22-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ வழக்கில் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்றது. ஐந்தே மாதத்தில், அலபாமாவின் மாண்ட்கமரியில், ரெல்ஃப் என்ற கறுப்பினக் குடும்பத்தின் 14, 12 வயதுச் சிறுமிகள் இருவருக்கு மத்திய அரசுப் பணத்தில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் கருத்தடை அறுவை செய்துவிட்டது. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழக்கமாகப் போடும் கருத்தடை ஊசிக்குத்தான் என்று நினைத்துத் தாளில் பெருக்கல் குறி போட்டிருந்தார். இப்படிப்பட்ட ஆபரேஷன்களுக்கான நெறிமுறைகள் முந்தைய ஆண்டே தயாராகி அச்சும் ஆகியிருந்தன. ஆயிரக்கணக்கான பிரதிகள் வாஷிங்டனில் ஒரு கிடங்கில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எந்த நிலையத்துக்கும் போய்ச் சேரவில்லை. எனக்கு இந்த வழக்கில் மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ரெல்ஃப் எதிர் வெயின்பெர்கர் வழக்கில் 1974 மார்ச்சில் நீதிபதி கெசல் தீர்ப்பளித்தார். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மத்திய அரசுப் பணத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் ஏழைகளுக்குக் கருத்தடை அறுவை நடந்திருந்ததை அவர் பதிவு செய்தார். சம்மதிக்காவிட்டால் அரசு உதவித்தொகை நின்றுவிடும் என்று மிரட்டியும் பலரைப் பணியவைத்திருந்தார்கள். படிவத்தின் உச்சியில் இருக்கும் வாசகத்துக்கு வேர் அதுதான். 30 நாள், 21 வயது என்ற நிபந்தனைகள் 1978-ல் எழுதப்பட்டன.

மாண்ட்கமரி தனிக்கதை அல்ல. குடிமை உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் 1961-ல் மிசிசிப்பியில் கட்டி ஒன்றை அகற்ற ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஊரார் பேச்சில்தான் அவருக்கு விஷயமே தெரியவந்தது. ‘மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்’ என்று கறுப்பினப் பெண்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். 1972 முதல் மெடிகெய்டில் குடும்பக் கட்டுப்பாட்டுச் செலவில், இந்த ஆபரேஷன் உட்பட, 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. 1976-ல் வந்த ஹைட் திருத்தமோ கருக்கலைப்புக்கு மத்திய நிதியை ஏறக்குறைய அடியோடு நிறுத்தியது. 1980-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. உரிமை உண்டு, அதற்குக் காசு தரும் கடமை அரசுக்கு இல்லையாம்! ஆக, ஏழைப் பெண் இனிமேல் பெறவே மாட்டேன் என்றால் அரசு செலவழிக்கும். இந்த ஒரு கர்ப்பம் மட்டும் வேண்டாம் என்றால் கையை விரிக்கும். பிரசவச் செலவுக்கு மெடிகெய்டை நம்பியிருப்பவர்கள் நாடு முழுவதும் பத்துக்கு நான்கு பேர். கறுப்பினத் தாய்மார்களில் 60 சதவீதத்துக்கும் மேல். சட்டத்தில் இனத்தின் பெயரை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

2022 ஜூன் 24-ல் ரோ தீர்ப்பும் போயிற்று. ஜார்ஜியாவில் சுமார் ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு கூடாது என்ற சட்டம் அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது. தீட்டு தள்ளிப்போயிருக்கிறது என்று பல பெண்களுக்கு உறைப்பதற்குள் ஆறு வாரம் ஓடிவிடும். எட்டு நாள் குறைந்ததென்று திருப்பி அனுப்பப்பட்ட பெண் அடுத்த வருடம் மறுபடி வயிற்றோடு வந்தால், இப்போது பெற்றுத்தான் ஆக வேண்டும். பெறுவதும் எல்லாருக்கும் ஒரே ஆபத்தா? 2023-ல் லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார்கள் 14.5 பேர் இறந்தார்கள், கறுப்பினத் தாய்மார்கள் 50.3 பேர்.

1973-ல் அந்தத் தாயின் பெருக்கல் குறியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். இன்று தெளிந்த புத்தியோடு தேதி போட்டு எழுதிய கையெழுத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள். இரண்டிலும் ஏழைப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. முதலாவதை மீறல் என்கிறோம், இரண்டாவதைப் பாதுகாப்பு என்கிறோம். என் வாதம் இவ்வளவுதான்.

இதைச் சொன்னால் என் வார்டின் மூத்த நர்ஸுக்குப் பிடிக்காது. அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி, ஓய்வு வயதை எட்டியவர். “அந்த 30 நாள் சும்மா வரவில்லை. எங்கள் அம்மாக்களின் உடம்பைக் கொடுத்து வாங்கியது. தேதி குறைவாக இருக்கட்டும், பரவாயில்லை. அந்தத் தாளைக் கிழித்தால் நாளைக்கே பழையபடி ஆரம்பிப்பார்கள்” என்பார். அவர் பயம் வெறும் பயம் அல்ல. கலிஃபோர்னியாவின் பெண்கள் சிறைகளில் 2006-க்கும் 2010-க்கும் இடையில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு உரிய அனுமதியின்றி இதே ஆபரேஷன் நடந்திருக்கிறது.

அதனால் படிவத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. மிரட்டலைத் தடுக்கும் அந்த முதல் வாசகம் இருக்கட்டும். பிரசவ வலியில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் இருக்கட்டும். குறைத்தாக வேண்டியது 30 நாளை. கர்ப்ப காலத்தில் கேட்டு, எழுதி, பிரசவத்தன்று மறுபடியும் வேண்டும் என்று சொல்கிற பெண்ணுக்கு 72 மணி நேர விதிவிலக்கே போதும். காத்திருப்பு அவ்வளவு நல்லதென்றால் கம்பெனி இன்சூரன்ஸ்காரர்களுக்கும் அதை வைக்கட்டும். எத்தனை நாள் தாங்குகிறது பார்ப்போம்.

அந்தப் பெண்ணுக்குத் தேதி ஏன் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஊரில் மகப்பேறு டாக்டர் இல்லை. ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளில் ஏறத்தாழ பாதியில் இதே கதைதான். கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில்தான் லீவு கிடைத்து, வண்டி கிடைத்து, எங்களிடம் வந்தார். வந்த அன்றே படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டிருக்கிறார். “ஆறு வாரம் கழித்து வாருங்கள், செய்துகொள்ளலாம்” என்று சொல்லி அனுப்பினோம். அந்த வண்டியும் அந்த லீவும் மறுபடி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை.

மூத்த நர்ஸ் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. படிவத்தில் கை வைப்பதற்கு முன்னால் கிராமங்களில் மூடிக்கிடக்கும் பிரசவ வார்டுகளைத் திறக்கச் சொல், அப்புறம் 30 நாளும் தாராளமாகக் கிடைக்கும் என்கிறார். திறக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. திறக்கிற வரைக்கும் 72 மணி நேரம் என்று மாற்றி வைக்கலாமே என்கிறேன் நான்.